பிணைப்புசார் குழந்தை வளர்ப்புப் பயிற்சி (கொங்குநாடு)

குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையிலான உறவைக் கவனிக்கவும் வலுப்படுத்தவும் குழந்தைநலப் பணியாளரைப் பழக்கும் பயிற்சி. ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கை இதற்கு அடித்தளம். மேரி ஐன்ஸ்வொர்த் 1954–55இல் உகாண்டாவில் கம்பாலாவை அடுத்த ஊர்களில் 26 குடும்பங்களைக் கவனித்தார். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரில், தாய் அறையைவிட்டுப் போய்த் திரும்பும்போது ஒரு வயதுக் குழந்தை நடந்துகொள்ளும் விதத்தை வைத்துப் பிணைப்பை மூன்றாக வகுத்தார். தாயைக் கண்டதும் தேறுவது உறுதியான பிணைப்பு. கண்டும் காணாதிருப்பது விலகும் பிணைப்பு. ஒட்டிக்கொண்டே முரண்டு பிடிப்பது எதிர்க்கும் பிணைப்பு. நிலைகுலைந்த பிணைப்பு என்ற நான்காவதை 1980களில் மேரி மெயினும் ஜூடித் சாலமனும் சேர்த்தனர். இவை உறவின் வகைகளே, குழந்தையின் குணங்கள் அல்ல.

கொங்குநாட்டில் குழந்தை வளர்ச்சி மனையியலின் வழியே கல்லூரிப் பாடமாயிற்று. தி. சு. அவினாசிலிங்கம் கோவையில் 1957இல் நிறுவிய பெண்கள் மனையியல் கல்லூரி 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அதன் முதல் துணைவேந்தர் ராஜம்மாள் தேவதாஸ் ஊட்டச்சத்து அறிஞர். 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளிலும் எடை, உணவு, தடுப்பூசி ஆகியவையே முன்னின்றன. எடையைத் தராசு காட்டும். உறவை அளக்க அங்கே கருவி ஏதும் இருக்கவில்லை.

பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில், சிசுவை அரசிடம் ஒப்படைக்க வழிசெய்யும் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. ஒப்படைக்கப்பட்ட சிசு பிழைத்தால் போதுமா என்ற கேள்வியும் கூடவே வந்தது. ஆயாக்கள் முறைமாறிப் பார்க்கும் காப்பிடத்தில் குழந்தைக்கு நிலையான முகம் கிடைப்பதில்லை. ஒரு சிசுவை முடிந்தவரை ஒரே ஆயாவிடம் விடுவதும், தாமதமின்றிக் குடும்பத்தில் சேர்ப்பதும் இப்பயிற்சி வலியுறுத்தும் நடைமுறைகள். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் காப்பிடத்தைக் கடைசி வழியாகவே கொள்கிறது.

பௌல்பி தாயையே முதன்மையாக வைத்தார். கொங்கு வீட்டுக்கு அது பொருந்தாது. அம்மிச்சியோ அப்பத்தாவோ வளர்த்தாலும் பிணைப்பு குறைவதில்லை. எனவே பயிற்சி பெற்றவர் வீட்டுக்குப் போனால் தாயைக் குறைகூறாமல், "பாப்பா அழுதா யாருகிட்டங்க போகும்?" என்று கேட்பதே முறை. திருப்பூர்ப் பின்னலாடை வேலைக்கு வெளியூரிலிருந்து வந்தவர்களின் நிலை வேறு. பாட்டிகள் ஊரிலேயே தங்கிவிடுவதால் ஆலைக் காப்பகம் தேவையாகிறது. 30க்கு மேற்பட்ட பெண்கள் வேலைசெய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று, 1976இல் திருத்தப்பட்ட 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொல்லியிருந்தது.

அங்கன்வாடிகளும் எடை, உணவோடு நிற்கவில்லை. ஒன்றிய அரசு 2024இல் வெளியிட்ட நவசேதனா கையேடு, பிறப்பு முதல் 3 வயதுவரையிலான குழந்தைகளுக்குரிய செயல்பாடுகளை அங்கன்வாடிப் பணியாளருக்கு வகுத்துத் தருகிறது.