பாலாற்றங்கரையில் படியெடுப்பு: கல், செப்பேடு, கணினி

இராணிப்பேட்டைக்கு அருகே, பொன்னையாற்றங்கரையில் உள்ள திருவல்லம் வில்வநாதேசுவரர் கோயிலில் பல்லவ மன்னன் நந்திவிக்கிரமவர்மனின் 17ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு இருக்கிறது. மன்னனுக்குக் கீழ் இப்பகுதியை ஆண்ட வாணர்கள் காலத்துக் கொடையைச் சொல்லும் அந்தக் கல்வெட்டு, தான் மூலம் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறது. திருமண்டபத்தை இடித்துக் கட்டுவதற்கு முன்பிருந்த கல்லெழுத்தின் படி இது என்ற குறிப்பு அதில் பொறிக்கப்பட்டுள்ளது. மண்டபம் பிரிக்கப்பட்டபோது பழைய கல் போயிற்று. வாசகம் மட்டும் ஓலையிலோ வேறெதிலோ எடுத்து வைக்கப்பட்டு, புதிய சுவரில் ஏறியது.

சோழ நாட்டிலும் இந்த வழக்கம் வேரூன்றியிருந்தது. செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக்கியபோது பழைய கற்களில் இருந்த சாசனங்கள் புதுச் சுவர்களில் திரும்ப வெட்டப்பட்டன. அவை பழங்கற்படி என்ற குறிப்பும் இடம்பெற்றது. கோயிலின் நிலமும் விளக்கெரிக்கும் பொன்னும் இந்த எழுத்துகளை நம்பியே இருந்தன. எனவே திருப்பணி தொடங்கும் முன் வாசகத்தைப் படியெடுப்பது நிர்வாகத்தின் வேலையாகவே இருந்தது.

படி என்று சொல்லாத படி எவ்வளவு குழப்பம் தரும் என்பதற்கு பாலாற்று வட்டாரத்திலேயே, ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் அருகே உள்ள உதயேந்திரம் சான்று. இரண்டாம் நந்திவர்மனான பல்லவமல்லன், தன் படைத்தலைவன் உதயச்சந்திரனின் வேண்டுகோளின்படி 21ஆம் ஆட்சியாண்டில் வழங்கிய ஊர் உதயச்சந்திரமங்கலம். அந்தக் கொடையின் செப்பேடு கிடைத்திருக்கிறது. ஆனால் அதே மன்னனின் 22ஆம் ஆண்டில் வெளியான காசாக்குடிச் செப்பேட்டின் எழுத்து பழையதாக இருக்க, ஓராண்டு முந்தையதாகச் சொல்லிக்கொள்ளும் உதயேந்திர ஏட்டின் எழுத்தோ புதியது. அதன் இறுதியில் மதிரை கொண்ட கோப்பரகேசரியின், அதாவது முதலாம் பராந்தகனின், 26ஆம் ஆண்டுக் குறிப்பும் சேர்ந்திருக்கிறது. இது போலியாக இருக்க வேண்டும், இல்லையேல் தொலைந்துபோன மூலத்திலிருந்து பிற்காலத்தில் எடுத்த படியாக இருக்க வேண்டும் என்று கல்வெட்டறிஞர் ஹுல்ச் கருதினார். எப்போது, எதிலிருந்து எடுத்தது என்று ஒரு வரி இருந்திருந்தால் இந்த ஐயத்துக்கே இடமிருந்திருக்காது. திருவல்லத்தில் அந்த ஒரு வரிதான் சாசனத்தைக் காப்பாற்றியது.

படியே எடுக்கப்படாதவையும் உண்டு. நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆண்டில் நுளம்பன் படை தொறு (ஆநிரை) கவர்ந்தபோது பொருது மடிந்த வீரர்களுக்கு ஆம்பூரில் நடுகற்கள் நின்றன. இவ்வகைக் கல் ஒன்றே ஒன்றுதான்; உடைந்தால் வீரனின் பெயரும் போய்விடும்.

1886இல் சென்னை அரசின் கல்வெட்டறிஞராக ஹுல்ச் பொறுப்பேற்ற பின் படியெடுப்பு முறையே மாறியது. கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துப் பள்ளங்களுக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பது மைப்படி. உளி கொண்டு திரும்ப வெட்டும் கல்தச்சர் எழுத்தைத் தம் காலத்து வடிவில் எழுதிவிடுவார். மைப்படியிலோ எழுத்தின் பழமையும் கல்லின் பொரிவும் அப்படியே வரும். இந்த ஒன்றுக்காகவே அதை அதற்கு முந்தைய எல்லாப் படிகளுக்கும் மேலாக வைக்கலாம். 1890இல் வெளியான தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் வேலூர்ப் பகுதியின் விரிஞ்சிபுரம், படைவீடு சாசனங்கள் இடம்பெற்றன. பிற்காலத் திருப்பணிகளில் மணல் வீச்சால் சுவரெழுத்துகள் தேய்ந்த கோயில்களுக்கு இத்தகைய தாள்களே சாட்சி.

தாளுக்கும் கேடு உண்டு. மடிப்பில் கிழியும், பூச்சி அரிக்கும். தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு அலுவலகம் உதகமண்டலத்திலிருந்து 1966இல் மைசூருக்கு மாறியபோது தமிழ் மைப்படிகளும் உடன் சென்றன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. படி இருப்பது போதாது, தேடுபவர் கைக்கு எட்ட வேண்டும் என்பதே அந்த வழக்கின் சாரம்.

தொலைவில் இருப்பதற்கும் ஒரு பயன் உண்டு. 1903 நவம்பரில் மைசூர்ப் பகுதி ஏரிகள் உடைந்து பாலாற்றில் வந்த வெள்ளம் வாணியம்பாடியைச் சீரழித்தது. அப்படி ஒரு நாளில், மூலமும் படியும் ஒரே தெருவில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இன்று இதே வட்டாரத்தின் தோல் தொழிற்சாலைக் கணக்குகளும் வீட்டுப் படங்களும் கணினியில் இருக்கின்றன. 2007இல் ஆப்பிளின் டைம் மெஷினும், 2012இல் விண்டோஸ் 8 உடன் ஃபைல் ஹிஸ்டரியும் பேக்கப்பைத் தானாக நடக்கும் வேலையாக்கின. தானாக நடப்பதாலேயே அது நின்றுபோவது எவர் கண்ணிலும் படுவதில்லை. வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியபின் திரும்பச் செருகாதது, அதில் இடம் நிரம்பியது, கோப்புறையை வேறு டிரைவுக்கு மாற்றியும் பேக்கப் பட்டியலில் சேர்க்காதது ஆகியவையே பெரும்பாலான பழுதுகளுக்குக் காரணம். முதலில் பார்க்க வேண்டியது கடைசிப் படியின் தேதி; பிறகு இணைப்பு, மீதமுள்ள இடம், கோப்புறைப் பட்டியல். கூகுள் டிரைவ் போன்றவற்றின் ஒத்திசைவை மட்டும் பேக்கப் என்று நம்புவது இன்னொரு பிழை: கணினியில் அழித்த கோப்பு அங்கும் அழிந்து, சில நாள் குப்பைத்தொட்டியில் கிடந்து மறைந்துவிடும். 2017இல் பரவிய வான்னாக்ரை போன்ற நச்சு நிரல்கள், எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்கில் உள்ள படியையும் பூட்டிவிடக் கூடியவை. அதனால் ஒரு டிஸ்க்கைக் கழற்றி வேறு வீட்டில் வைப்பது வழக்கம். மாதம் ஒரு முறை அதிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பார்த்தால்தான் அந்தப் படி உண்மையில் படிக்கக் கூடியதா என்பது தெரியும்.