பிளாக்செயினில் பிற தகவல்களைப் பதித்தல்: ஆபத்துகள்

பணக் கணக்கு எழுதப் பிறந்த பிட்காயின் பேரேட்டில் பணத்துக்குத் தொடர்பில்லாத வரி முதல் நாளே ஏறிவிட்டது. 2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் பிளாக்கில், பிரிட்டிஷ் வங்கிகளை அரசு மீட்பது பற்றிய டைம்ஸ் நாளிதழ்த் தலைப்பு இருக்கிறது. பின்னர் நெல்சன் மண்டேலாவின் படம், பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோவின் ஆய்வுக் கட்டுரை என்று பலவும் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு பிளாக்கும் முந்தையதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளக் குறியான ஹாஷைச் சுமப்பதால், பதிந்ததை எவராலும் உருவ முடியாது. எழுதியவர் போய்விடுவார், பேரேட்டின் முழுப் பிரதியையும் கணினியில் வைத்திருப்பவர்தான் மாட்டிக்கொள்வார்.

மலேசியாவில் இந்தத் தொழில்நுட்பம் நல்ல காரியத்துக்காகவே அறிமுகமானது. போலிப் பட்டங்களைக் கண்டுபிடிக்க 2018 நவம்பரில் கல்வி அமைச்சு இ-ஸ்க்ரோல் முறையை அறிவித்தது. கோம்பாக்கிலுள்ள அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் முன்னின்ற அம்முறை நெம் பிளாக்செயினைப் பயன்படுத்தியது. சான்றிதழிலுள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும்.

சான்றிதழை முழுதாக ஏற்றாமல் அதன் ஹாஷை மட்டும் ஏற்றுவதே இத்தகைய வேலைகளில் பாதுகாப்பான வழி என்பார்கள். எல்லாத் தகவலுக்கும் அது பொருந்தாது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் கிளினிக் நோயாளிகளின் மைகார்ட் அடையாள அட்டை எண்களை அப்படியே ஹாஷாக்கி ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். எண்ணின் 12 இலக்கங்களில் முதல் 6 பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த மாநிலம், சிலாங்கூருக்கு வழக்கமாக 10. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. சிலாங்கூரின் கிள்ளானில் பிறந்தவரின் பிறந்த தேதியும் பாலினமும் தெரிந்துவிட்டால் மிஞ்சுவது 5,000 எண்கள்தாம். சாதாரண மடிக்கணினி அவற்றை ஹாஷாக்கி, ஏற்றிய ஹாஷோடு ஒப்பிட்டு நொடிக்குள் சோதித்து முடித்துவிடும். தேவை முடிந்த தகவலை அழிக்கச் சொல்கிறது 2010ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். பொதுச் சங்கிலியில் கிளினிக் எதை அழிக்கும்?

இதைவிடக் கொடிய பதிவுகளும் உண்டு. ஜெர்மனியின் ஆகன், பிராங்பர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் பிட்காயினில் சுமார் 1,600 கோப்புகளைக் கண்டனர். பெரும்பாலானவை தீங்கற்றவை, ஆனால், சிறார் பாலியல் வன்கொடுமைப் படங்களுக்கான இணைப்புப் பட்டியல்களும் அவற்றில் இருந்தன. மலேசியாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அத்தகைய படங்களை வைத்திருந்தால் 5 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். குளுப்டெபா என்ற தீநிரல் கும்பலோ, தன் கட்டளைக் கணினிகளின் முகவரிகளையே பிட்காயினில் எழுதிவைத்தது. 2021 டிசம்பரில் கூகிள் அதன் கணினிகளை முடக்கியபோதும் சங்கிலியிலிருந்த வரிகளைத் தொட முடியவில்லை.

இடமும் பெருகிக்கொண்டே போகிறது. 2023 ஜனவரியில் வந்த ஆர்டினல்ஸ் முறை முழுப் படங்களைப் பதிப்பதை எளிதாக்கியது. 2025 அக்டோபரில் பிட்காயினின் முதன்மை மென்பொருளான பிட்காயின் கோரின் 30ஆம் பதிப்பு, பிற தகவலுக்கான வழக்கமான வரம்பைச் சுமார் 80 பைட்டிலிருந்து 1,00,000 பைட்டாக உயர்த்தியது. எதிர்த்தவர்களில் பலர் நாட்ஸ் என்ற மாற்று மென்பொருளை நாடினர். நாட்ஸ் அத்தகைய பரிவர்த்தனைகளைப் பரப்ப மறுக்கும், அவ்வளவுதான். பிளாக்குகளை உருவாக்கும் சுரங்கக்காரர் ஒருவர் அவற்றைப் பிளாக்கில் சேர்த்துவிட்டால் நாட்ஸ் ஓடும் கணினியும் அவற்றை இறக்கிச் சரிபார்த்தாக வேண்டும்.