கோடாரிப் பிள்ளையாரும் கிராம சபையும்

ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் ஒண்டிக்கடை என்றொரு முக்கு இருக்கிறது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மூச்சு வாங்கி வரும் வண்டிகள் இங்கே வந்துதான் திசை பிரிகின்றன. ஏதோ ஒரு காலத்தில் தன்னந்தனியாக ஒரு கடை நின்ற இடம் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. இன்று காபித்தூளும் மிளகும் விற்கும் கடைகளுக்குக் குறைவில்லை. பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. அதைக் காப்பாற்றியது எந்த அரசாணையும் அல்ல. வழி கேட்பவர்களும் வழி சொல்பவர்களும் தினமும் வாயால் சொல்லிச் சொல்லியே காப்பாற்றி வருகிறார்கள்.

ஏற்காட்டின் பழங்கதையை யாரிடம் கேட்டாலும் காபியில்தான் தொடங்குவார்கள். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் மலையேறி வந்ததும், காபியும் ஆரஞ்சும் பேரியும் நட்டதும், கிரேஞ்ச் எஸ்டேட் உருவானதும் எல்லாச் சுற்றுலாக் கையேட்டிலும் உண்டு. கவர்னர் தாமஸ் மன்றோ 1842-இல் இந்த மலையைக் கண்டுபிடித்தார் என்றுகூடச் சில கையேடுகள் எழுதுகின்றன. மன்றோ 1827-லேயே காலரா கண்டு இறந்துவிட்டார். பிழை ஆண்டில் மட்டும் இல்லை, ‘கண்டுபிடித்தார்’ என்ற சொல்லிலும் இருக்கிறது. அதற்கு எவ்வளவோ முன்பிருந்தே இங்கே ஊர்கள் உண்டு, தெய்வம் உண்டு, வழக்குத் தீர்க்கும் பெரியவர்கள் உண்டு.

அவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்பது பொருள். காஞ்சியிலிருந்து புறப்பட்டு வந்த மூன்று அண்ணன் தம்பிகளில் பெரியண்ணன் ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளிலும் அவர்களுடைய காஞ்சிக் கதை பதிவாகியிருக்கிறது.

மலையில் அவர்களுக்கும் முந்திய ஒருவர் விட்டுப்போன பொருள் ஒன்று உண்டு. கை நிறையும் அளவில் ஒரு கருங்கல். ஒரு முனை கூம்பி, மறுமுனை விரிந்து, கூராகத் தீட்டப்பட்டிருக்கும். தடவிப் பார்த்தால் ஆற்றுக் கூழாங்கல்லைப் போல வழவழவென்று இருக்கும். ஆனால் அந்த வழவழப்பு தண்ணீர் தந்ததல்ல, மனிதக் கை தேய்த்துத் தேய்த்துத் தந்தது. புதிய கற்காலத்தார் காடு திருத்தப் பயன்படுத்திய கோடாரி அது. வயது மூவாயிரம், நாலாயிரம் ஆண்டு. உழும்போதும் மழை மண்ணை அரித்துப் போகும்போதும் அது வெளியே வரும். கண்டெடுத்த மலைக்காரர் அதைத் தூக்கி எறியவில்லை. மரத்தடிப் பிள்ளையார் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். கூம்பு முனையை மேலே வைத்து நிறுத்தினால், மஞ்சளில் பிடித்து வைத்த பிள்ளையாரின் உருவம்தானே அதுவும்! அடுத்த தலைமுறை இன்னொரு கல்லைச் சேர்த்தது. இப்படிச் சேர்வராயன் மலையின் சிற்றூர்க் கோயில்களில் கற்கோடாரிகள் வரிசையாக அமர்ந்தன.

இதைக் கண்டு வியந்தவர்களில் ஒருவர் ராபர்ட் புரூஸ் ஃபுட். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கு வாசல் திறந்த அதே நிலவியலாளர்தான். பணிக்காலம் முடிந்தபின் அவர் வீடு அமைத்துக்கொண்டது ஏற்காட்டில். இந்த மலையில் கிடைத்தவற்றையும் தன் சேகரிப்பில் சேர்த்தார். அந்தச் சேகரிப்பை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் 40,000 ரூபாய்க்கு வாங்கியது. 1912-இல் ஃபுட் இறந்தார். ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருடைய நினைவுச் சின்னம் இருக்கிறது. எழும்பூரில் உள்ள அந்த அருங்காட்சியகத்துக்குப் போன கற்களுக்கு எண்ணும் பட்டியலும் கிடைத்தன. மலையில் தங்கிய கற்களுக்குக் கிடைத்தது எண்ணெய்க் காப்பும் குங்குமமும். இரண்டுமே பாதுகாப்புதான். முதலாவதற்கு அரசு சம்பளம் கொடுக்கிறது. இரண்டாவதை ஊர் தன் கைக்காசில் செய்துவந்திருக்கிறது.

இங்கே ‘ஊர்’ என்பது வெறும் பேச்சல்ல, ஓர் அமைப்பு. மலையாளிகளிடம் ஊருக்கு ஒரு ஊர்க்கவுண்டர், பல ஊர் சேர்ந்த நாட்டுக்கு ஒரு பட்டக்காரர் என்று அடுக்கு இருந்தது. திருவிழாவுக்கு நாள் குறிப்பதும், வரி போட்டுப் பணம் திரட்டுவதும், பங்காளிச் சண்டையைத் தீர்ப்பதும் அவர்கள் பொறுப்பு. மலையுச்சியில், சுமார் 5,300 அடி உயரத்தில், குனிந்து நுழைய வேண்டிய குகைக்குள் சேர்வராயனும் காவிரியம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராமங்கள் எல்லாம் அங்கே திரள்கின்றன. கோடை விழாவின் மலர்க் கண்காட்சிக்கு வருகிற கூட்டம் வேறு, இந்தக் கூட்டம் வேறு.

ஆங்கிலேயர் காலத்தில் 1884-இன் சென்னை உள்ளாட்சிச் சட்டம் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என்று புதிய அடுக்கைக் கொண்டுவந்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை, அம்மை குத்துவது ஆகியவை அவற்றின் வேலை. மலைக்காரரின் தெய்வமும் கல்லும் அந்தக் கணக்கில் வரவில்லை. ஊட்டி 1866-லும் கொடைக்கானல் 1899-லும் நகராட்சிகளாகிவிட்டன. ஏற்காடு அந்த வழியில் போகவில்லை. இத்தனை பெயர் பெற்ற கோடைவாசத்தலம் சுதந்திரத்துக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் கிராம ஊராட்சியாகவே இருந்தது. இதை வளர்ச்சிக் குறைவு என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிச் சொல்வது சரியல்ல. ஊராட்சியாக இருந்ததால்தான் ஏற்காட்டுக்குக் கிராம சபை கிடைத்தது.

அந்தச் சபையின் கையில் இருக்கும் சட்டங்கள் சாதாரணமானவை அல்ல. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளுக்கு உரியவை என்று அடுக்கும் 29 பொருள்களில் பண்பாட்டு நடவடிக்கைகளும் ஒன்று. 2002-இன் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் ஒரு மேலாண்மைக் குழு அமைத்து, ஊரின் உயிரினங்களையும் அவை பற்றிய மக்களின் அறிவையும் பதிவேட்டில் எழுத வேண்டும். 2006-இன் வன உரிமைச் சட்டம் இன்னும் நேரடியானது. பழங்குடியினரின் பண்பாட்டு மரபையும் இயற்கை மரபையும் சிதைக்கும் செயல்களிலிருந்து அவர்களின் வாழிடத்தைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே அது தருகிறது. அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லாததால், பிற மாநிலப் பழங்குடி ஊர்களுக்கு உள்ள ‘பெசா’ சட்டம் இந்த மலைக்குக் கிடையாது. அதனால் வன உரிமைச் சட்டத்தின் இந்த ஒரு பிரிவுக்கு இங்கே மதிப்பு அதிகம்.

இப்படி ஓர் அதிகாரம் இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதும் மலைக்குத் தெரியும். 1960-களில் மேட்டூரில் அலுமினிய ஆலை வந்தது. அதற்கான பாக்சைட் பல ஆண்டுகள் சேர்வராயன் மலையிலிருந்து வெட்டி இறக்கப்பட்டது. அதே பாக்சைட்டுக்காக ஒடிசாவின் நியம்கிரி மலையைச் சுரங்கத்துக்குக் கேட்டபோது கதை வேறாக முடிந்தது. அங்குள்ள மக்களுக்கு மலையே தெய்வம். முடிவைக் கிராம சபைகளிடமே விடும்படி 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சபை கூடிய பன்னிரண்டு ஊர்களும் சுரங்கம் வேண்டாம் என்றன.

நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. மதுரை மாவட்டம் மேலூர் அருகே உள்ள அரிட்டாபட்டியில் சமணர் படுக்கை, தமிழிக் கல்வெட்டு, பாண்டியர் குடைவரை எல்லாம் ஒரே குன்றுத் தொடரில் இருக்கின்றன. 2022 நவம்பரில் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது. அதே மாதம் 23-ஆம் தேதி கூடிய கிராம சபைகளில் வட்டார மக்கள் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23-ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கிராம சபை தீர்மானம் வெறும் காகிதம் என்று சொல்பவர்களுக்கு அரிட்டாபட்டியைக் காட்டலாம்.

அதே 2025-இன் தொடக்கத்தில் ஏற்காட்டுக்கு இரண்டு செய்திகள் வந்தன. பேரூராட்சிகளாக்க அரசு முன்வைத்த ஊராட்சிகளின் பட்டியலில் ஏற்காடும் இருந்தது. ஜனவரி 5-ஆம் தேதியோடு சேலம் உள்ளிட்ட 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். பேரூராட்சியில் தெருவிளக்கும் குப்பை வண்டியும் கூடலாம். ஆனால் ஊராட்சிச் சட்டப்படி அமைந்த கிராம சபை அங்கே கிடையாது. ஊரே கூடி உட்கார்ந்து தீர்மானம் எழுதுகிற இடம் போய்விடும் என்பதுதான் இதில் உள்ள கவலை.

மலையின் மற்ற ஊராட்சிகளில் சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை அது கூட வேண்டும். அடுத்த கூட்டத்தில் குடிநீருக்கும் சாலைக்கும் அடுத்தபடியாக ஒரே ஒரு பொருளைச் சேர்க்கலாம்: நம் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் எத்தனை கற்கோடாரிகள் இருக்கின்றன, எந்தெந்த மரம் கோயில் மரம், திருவிழாவுக்கு மலை ஏறும் பழைய தடம் எது. பெரியவர்கள் சொல்லச் சொல்ல, படித்த பிள்ளைகள் தீர்மானப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கட்டும். படம் எடுத்து ஒட்டட்டும். செலவு ஒரு நோட்டுப் புத்தகம்தான். ஒண்டிக்கடையில் இறங்கி மலை பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மரத்தடிப் பிள்ளையார் பக்கத்தில் வழவழப்பான கருங்கல் தென்பட்டால், கும்பிட்டுவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.