ஃபிலடெல்ஃபியாவின் ஆளில்லாச் சுவர்கள்

ஃபிலடெல்ஃபியா நகரின் சுவரோவியங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்: கிறுக்கித் திரிந்த பையன்களிடம் தூரிகையைக் கொடுத்தார்கள், பையன்கள் திருந்தினார்கள், ஊர் அழகாயிற்று. கதையில் பொய் இல்லை. ஆனால் அது பையன்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது, சுவரைப் பார்ப்பதில்லை. 1950இல் அந்த நகரத்தின் மக்கள்தொகை 20 லட்சத்துக்கும் மேல். 1990இல் ஏறக்குறைய 16 லட்சம். ஆலைகள் மூடின, வசதியுள்ளவர்கள் புறநகருக்குப் போனார்கள், காலியான வீடுகள் இடிக்கப்பட்டன. அங்கே சாதாரண மக்களின் வீடுகள் இரண்டு பக்கமும் பொதுச்சுவரைப் பகிர்ந்துகொண்டு தெரு நீளத்துக்கு ஒட்டி நிற்பவை. நடுவில் ஒரு வீடு விழுந்தால், அதுவரை வீட்டுக்குள் மறைந்திருந்த அடுத்த வீட்டின் பக்கச் சுவர், சன்னல்கூட இல்லாமல் மூன்று மாடி உயரத்துக்கு வெளியே தெரியும். அந்தச் சுவரைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. பக்கத்து மனை கைவிடப்பட்டது. வீட்டுக்காரருக்கோ அது வாசல் பக்கம் அல்ல. ஃபிலடெல்ஃபியாவின் கிராஃபிட்டி என்ற சுவர்க் கிறுக்கலும் பிறகு வந்த சுவரோவியமும் இதே சுவரில்தான் வளர்ந்தன. அங்கே வெற்றி பெற்றது கலை என்றோ கருணை என்றோ சொல்வதைவிட, ஆளில்லாத சுவருக்கு ஆள் ஏற்படுத்தியதே வென்றது என்று சொல்வது உண்மைக்கு நெருக்கமானது என்பது என் கணிப்பு.

ஸ்ப்ரே டப்பாவோடு சொந்தப் பெயரை ஊர் முழுக்க எழுதும் பழக்கத்தில் நியூயார்க்கை முந்திக்கொண்ட ஊர் இது. 1960களின் கடைசியில் ‘கார்ன்பிரெட்’ என்ற பட்டப்பெயரில் ஓர் இளைஞர் எழுதாத இடமில்லை. தான் செத்துப்போனதாகச் செய்தி வந்தபோது, உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்ட மிருகக்காட்சி சாலை யானையின் மேலேயே எழுதியதாக அவரே சொல்லும் கதை ஒன்று உண்டு. யானையின் கருத்து பதிவாகவில்லை. 1984 ஜனவரியில் அந்நகரின் முதல் கறுப்பின மேயராக வில்சன் குட் பதவியேற்றபோது, மக்கள் கொண்டுவந்த புகார்களில் கிராஃபிட்டிக்கு முக்கிய இடம் இருந்தது. அவர் அமைத்த ‘கிராஃபிட்டி எதிர்ப்பு வலையமைப்பு’க்கு டிம் ஸ்பென்சர் தலைவரானார். இனி எழுத மாட்டேன் என்று உறுதிமொழியில் கையெழுத்திடும் இளைஞர்களுக்குப் பொதுமன்னிப்பு. அதற்கு ஈடாக அவர்கள் சுவர்களைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஓவியம் கற்றுத்தருவதற்காக லாஸ் ஏஞ்சலஸில் சுவரோவியம் வரைந்து பழகிய ஜேன் கோல்டன் சேர்க்கப்பட்டார். ஓவியம் அப்போது திட்டத்தின் ஓரத்தில் இருந்த ஒன்றுதான். மையத்தில் இருந்தது துடைப்பதும் வெள்ளையடிப்பதும். இதே மேயரின் ஆட்சியில் அடுத்த ஆண்டு ‘மூவ்’ என்ற கறுப்பினத் தீவிரக் குழுவினர் இருந்த வீட்டின் மேல் போலீஸ் குண்டு போட்டு, 11 பேர் இறந்து, 61 வீடுகள் எரிந்தன. ஒழுங்கைக் காப்பதில் ஒரே ஆட்சிக்கு எத்தனை முகம் இருக்க முடியும் என்பதையும் சேர்த்தே இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

சுவருக்கு ஆள் ஏற்படுத்தியதே வென்றது என்ற என் கணிப்புக்கு வலுவான எதிர்வாதம் நியூயார்க்கிலிருந்து வரும். அங்கே மேயர் ஜான் லிண்ட்சே 1972இலேயே கிராஃபிட்டிக்கு எதிராகப் போர் அறிவித்தார். சுரங்க ரயில் பெட்டிகளுக்குப் புது பெயின்ட் அடித்தார்கள். எழுதுகிறவர்களுக்கு அது புதுப் பலகையாயிற்று. ரசாயனக் குளியல் போட்டார்கள், பணிமனை வேலிக்குள் நாய்களை விட்டார்கள். நின்றபாடில்லை. 1984இல் போக்குவரத்து ஆணையத்துக்கு வந்த டேவிட் கன் ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டார்: ஒருமுறை சுத்தமாக்கிய பெட்டி, மேலே எழுத்து இருக்கும்வரை பயணிகளை ஏற்றக் கூடாது. தடம் தடமாக முன்னேறி, 6,000க்கும் மேற்பட்ட பெட்டிகளில் எழுத்துள்ள கடைசிப் பெட்டி 1989 மே 12 அன்று ஓட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஓவிய வகுப்பும் இல்லை, மன்னிப்பும் இல்லை. கன் அதற்கு முன் வேலை பார்த்தது ஃபிலடெல்ஃபியாவின் போக்குவரத்து நிறுவனத்தில்தான் என்பது வேடிக்கையான தற்செயல். எழுதியவன் தன் எழுத்து ஊர்வலம் போவதைப் பார்க்க முடியாவிட்டால் எழுதும் ஆசையே வற்றிவிடும் என்ற அவர் கணக்கு தப்பவில்லை. உடனுக்குடன் அழிப்பதற்கு ஆய்வின் ஆதரவும் இருக்கிறது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் சைக்கிள் நிறுத்தும் சந்து ஒன்றில் நடத்தி 2008இல் வெளியிட்ட சோதனையில், சுவர் சுத்தமாக இருந்தபோது கைப்பிடியில் மாட்டிய விளம்பரத் தாளைக் கீழே போட்டவர்கள் 33 சதவீதம். சுவரில் கிறுக்கல் இருந்தபோது 69 சதவீதம்.

அழிப்பது பலன் தரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ரயில் பெட்டிக்கு ஒரு முதலாளி உண்டு. இரவில் அது போய் நிற்கும் கொட்டடி உண்டு. கழுவுவதற்குச் சம்பளம் வாங்கும் ஆள் உண்டு. கன் செய்தது ஏற்கெனவே இருந்த உடைமையை முடுக்கிவிட்டதுதான். வடக்கு ஃபிலடெல்ஃபியாவின் பக்கச் சுவருக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. நகராட்சி ஆள் வந்து வெள்ளையடித்துவிட்டுப் போனால், அடுத்த வாரம் அதைக் காக்க யார் இருக்கிறார்கள்? இங்கேதான் சுவரோவியத்தின் நடைமுறை முக்கியமாகிறது. சுவர்க்காரரின் சம்மதம் வாங்க வேண்டும். தெருக்காரர்களைக் கூட்ட வேண்டும். எதை வரைவது, யார் முகத்தை வைப்பது என்று அவர்கள் வாக்குவாதம் செய்ய வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும் இந்தப் பேச்சை வெட்டி வேலையாக நினைத்தவர்கள் உண்டு. என் பார்வையில் ஓவியத்தைவிட அதுவே பெரிய சாதனம். கூட்டம் முடியும்போது அந்தச் சுவரைத் தங்களுடையது என்று சொல்லத் தெருவில் நாற்பது ஐம்பது பேராவது இருப்பார்கள். 1990இல் ரிட்ஜ் அவென்யூவில் கென்ட் ட்விட்செல் வரைந்த கூடைப்பந்து வீரர் ஜூலியஸ் எர்விங்கின் மூன்று மாடி உயர ஓவியத்தில் எர்விங் விளையாட்டு உடையில் இல்லை, கோட்டும் சூட்டும் அணிந்து நிற்கிறார். அந்தத் தெருப் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்க வேண்டியது பந்தை அல்ல, மனிதரை என்ற எண்ணம் அதில் தெரிகிறது. 1996இல் ஸ்பென்சர் இறந்த பிறகு, மேயர் எட் ரெண்டல் காலத்தில் ஓவியப் பிரிவு பொழுதுபோக்குத் துறையின் கீழ் தனித் திட்டமாயிற்று. அழிக்கும் வேலை நிற்கவில்லை. வீட்டுக்காரரிடம் காசு வாங்காமல் கிறுக்கலை நீக்கித் தரும் குழுவை நகராட்சி இன்றும் வைத்திருக்கிறது. இரண்டும் வேண்டும்.

ஓவியம் இருந்தால் கிறுக்க மாட்டார்கள், அழகுக்கு அவ்வளவு மரியாதை என்ற நம்பிக்கை பரவலானது. அதைக் கவிழ்க்க ஒரு சுவர் போதும். போலீஸ் ஆணையராக இருந்து 1972 முதல் 1980 வரை மேயரான ஃபிராங்க் ரிஸ்ஸோவின் முகத்தை இத்தாலியச் சந்தைப் பகுதியில் 1995இல் வரைந்தார்கள். அந்த வட்டாரத்து இத்தாலியக் குடும்பங்கள் பலவற்றுக்கு அவர் நம்மவர். கறுப்பின மக்களுக்கு அவருடைய போலீஸ் அடித்த அடி நினைவில் இருந்தது. அதே திட்டம் வரைந்த ஓவியங்களில் இந்த அளவுக்குத் திரும்பத் திரும்ப பெயின்ட் வீசப்பட்டது வேறில்லை. 2020இல் போலீஸ் பிடியில் நடந்த ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையை ஒட்டி எழுந்த போராட்டங்களின்போது, இனி அதைச் சீர்செய்ய மாட்டோம் என்று திட்டத்தினர் கையை உதறினார்கள். ஜூனில் அதன்மேல் வெள்ளையடிக்கப்பட்டது. என் வாதத்துக்கு இது எதிர்ச்சான்று போலத் தோன்றலாம். ஆள் ஏற்படுத்தித்தானே வரைந்தார்கள்? ஆம், ஆனால் ஊரில் பாதிப் பேரை மட்டும். சுவர் தெருவுக்குச் சொந்தம் என்றாலும் அதைப் பார்க்கிற கண் நகரம் முழுவதற்கும் உரியது. அந்தக் கூட்டத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்கு இந்தத் திட்டம் இதுவரை ஒழுங்கான விடை வைத்திருக்கவில்லை.

கிராஃபிட்டி எழுதியவர்கள் தரப்பிலிருந்தும் ஒரு மறுப்பு வரும்: எங்களை அடக்கி, எங்கள் இடத்தைப் பிடுங்கி, நகராட்சிக்குப் பிடித்த படத்தை மாட்டினீர்கள். இதில் நியாயம் இருக்கிறது. உறுதிமொழியில் கையெழுத்திட்ட எல்லோரும் ஓவியராகிவிடவில்லை. ஆனால் 2009இல் இதே ஊரில் வளர்ந்த பழைய கிராஃபிட்டிக்காரர் ஸ்டீவ் பவர்ஸ், மார்க்கெட் தெருவின் உயர்த்தப்பட்ட ரயில் தடத்தை ஒட்டிய மேல்மாடிச் சுவர்களில் 50 காதல் வாசகங்களைத் திட்டத்தின் பெயரிலேயே எழுதினார். ரயிலிலிருந்து பார்த்தால் நன்றாகப் படிக்கக் கிடைக்கும் அந்த உயரம் முன்பு எழுதுகிறவர்கள் போட்டிபோட்ட இடம். இடமும் எழுத்து வடிவும் அவர்களுடையவை; சுவர்க்காரரின் சம்மதம் மட்டும் புதிது.

நகரத்தின் மக்கள்தொகை 2000க்குப் பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது. இன்று ஆயிரக்கணக்கில் இருக்கும் சுவரோவியங்களுக்கு ஸ்ப்ரே டப்பாவைவிடப் பெரிய எதிரி கட்டுமானம். காலி மனைக்கு விலை வந்ததும் அங்கே வீடு எழும்புகிறது. பக்கச் சுவர் மீண்டும் இரண்டு வீட்டுக்கும் நடுவிலான பொதுச்சுவராகி உள்ளே போய்விடுகிறது. ஓவியத்தைக் காப்பாற்றத் தெருக்காரர்களின் கூட்டத்துக்குச் சட்டப்படி பெரிய பிடி எதுவும் இல்லை. மனை வேறொருவருடையது.