மரப்பட்டையைப் படித்தவர்

புக்கிட் செந்தோசாவிலிருந்து கோலாலம்பூருக்குக் காரில் போகிறவர்கள் ரவாங் நெரிசலுக்குப் பயந்து உயர்சாலையில் ஏறிவிடுகிறார்கள். 2017-இல் திறக்கப்பட்ட அந்தச் சாலையின் மிக உயரமான தூண் 58.2 மீட்டர். காஞ்சிங் காட்டை அதிகம் சிதைக்காமல் அதன் தலைக்கு மேலே சாலையைத் தூக்கி நிறுத்தியதற்கு ஒரு காரணம், அந்த வட்டாரத்துக்கே உரிய கியாம் காஞ்சிங் மரம். ஹோப்பியா சுபாலாட்டா என்பது அதன் அறிவியல் பெயர். அதைத் தொடர்ந்து, மரத்துக்குப் பெயர் சூட்டியவரின் பெயரும் வரும்: சைமிங்டன்.

காலின் ஃபிரேசர் சைமிங்டன் 1905-இல் பிறந்தார். இளம் வயதிலேயே மலாயா வனத்துறைக்கு வந்து, கெப்போங் ஆய்வு நிலையத்தில் தாவரவியலாளர் ஆனார். 1929-இல் உருவான அந்த நிலையத்தில் இன்று நிழல் தரும் காட்டில் பெரும்பகுதி, ஈயச் சுரங்கம் தின்று துப்பிய நிலத்தில் கையால் நட்டு வளர்த்தது.

மலாயாக் காட்டின் பெருமரங்களில் பல ஒரே குடும்பம். மெரந்தி, பாலாவ், செங்கால், கெருயிங், கப்பூர் எல்லாம் அதில் அடக்கம். நம் கோயில்களில் புகையும் குங்கிலியமும் இக்குடும்பத்து மரப்பிசின்தான். கப்பூர் தரும் கற்பூரத்தைத் தேடித் தமிழ் வணிகர்கள் சுமத்திராவின் பாருஸ் வரை போனதற்கு, அங்கே 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே சாட்சி.

இந்த மரங்களை அடையாளம் காண்பதுதான் தலைவலி. தாவரவியலார் கேட்பது பூவும் காயும். இவையோ பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கூட்டமாகப் பூக்கும். அதுவும் நாற்பது மீட்டர் உயரத்தில். எந்த மரத்தை வெட்டலாம், எதை விடலாம் என்று அன்றே முடிவு செய்ய வேண்டிய ரேஞ்சர் பூக்கும்வரை காத்திருப்பாரா?

சைமிங்டன் கீழே நின்று பார்த்தார். பட்டை எப்படி வெடிக்கிறது, கத்தியால் கொத்தினால் உள்ளே என்ன நிறம், பிசின் எப்படி உறைகிறது, அடிமரம் எப்படி விரிகிறது, தரையில் கிடக்கும் இலை எப்படி இருக்கிறது. மலாய்க்காரர்கள் வழங்கிய பெயர்களையும் அவர் ஒதுக்கவில்லை. சிவப்பு மெரந்தி, மஞ்சள் மெரந்தி, வெள்ளை மெரந்தி, பாலாவ் என்று மரம் வெட்டுகிறவர்கள் பிரித்துவைத்திருந்த வகைகள் வெறும் வியாபாரப் பிரிவுகள் அல்ல, இயற்கையிலேயே உள்ள கூட்டங்கள் என்று கண்டார். என் கணக்கில் அவருடைய பெரிய சாதனை இதுதான். புதிய இனங்களுக்குப் பெயர் வைத்தது அதற்கு அடுத்தபடி.

இத்தனையையும் வனத்துறையினருக்கான கையேடாக எழுதினார். அதற்குள் போர் வந்துவிட்டது. 1942 ஜனவரியில் கோலாலம்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. 1941 என்று ஆண்டு பொறித்த அந்தப் புத்தகம் 1943-இல், அவர்களுடைய ஆட்சியில்தான் வெளியே வந்தது. எழுதியவரோ அப்போது மலாயாவிலேயே இல்லை. நைஜீரியக் காடுகளில் வேலைக்குச் சேர்ந்து, இபாடான் ஹெர்பேரியத்துக்குச் செடிகள் சேகரித்துக்கொண்டிருந்தார். அதே 1943-இல் இறந்தும் போனார். நாற்பதைத் தொடவில்லை.

கையேடு 1974-இல் மறுபதிப்பானது. 2004-இல் பீட்டர் ஆஷ்டனும் மலேசியரான எஸ். அப்பண்ணாவும் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். பாசோ காட்டில் மெரந்திப் பூக்களுக்கு மகரந்தம் சுமப்பது கண்ணுக்கு எளிதில் தெரியாத இலைப்பேன்கள் என்று 1981-இல் எழுதியவர்களில் அப்பண்ணாவும் ஒருவர். பூவை எட்டிப் பார்க்க வழியில்லாமல் பட்டையைப் பார்த்தவரின் நூலைத் திருத்த, பூவுக்குள்ளேயே பார்த்தவர் வந்தது நல்ல பொருத்தம்.

மரபணு ஆய்வுகளும் பின்னர் வந்தன. அவற்றையும் கணக்கில் கொண்டு, ஷோரியா என்ற பெரும் பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரிக்கலாம் என்று 2022-இல் ஆஷ்டனும் இன்னொருவரும் முன்மொழிந்தனர். ருப்ரோஷோரியா, ரிச்செட்டியா, ஆந்தோஷோரியா என்று அவற்றில் மூன்று. மரம் வெட்டுகிறவர்கள் வாயில் அவை சிவப்பு மெரந்தி, மஞ்சள் மெரந்தி, வெள்ளை மெரந்தி.