விறகு சொல்லும் வரலாறு

ஒரு நாட்டின் வரலாற்றைக் கோட்டைகளிலும் கல்வெட்டுகளிலும் மட்டுமன்றி, அடுப்படியிலும் தேடலாம். இலங்கையில் எவ்வூரில் எவ்விறகு எரிந்தது என அறிந்தால், அவ்வூர் நிலத்துக்கு நேர்ந்தது யாதென்பதும் புலனாகும்.

வன்னிக் காட்டு விறகுகளுள் பாலையும் வீரையும் பெயர்பெற்றவை. இவற்றை இனங்காணக் கண்ணைவிடக் கையே துணை. தூக்கினால் பாரம் தெரியும். ஒன்றோடொன்று தட்டினால் கணீரென ஒலிக்கும். நின்றெரிந்து, நெடுநேரம் தணலாகக் கிடக்கும். முருங்கையோ பாரமற்றது, புகைந்து விரைவிற் சாம்பலாகும். பெருங்காடில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பனையே விறகுமாயிற்று. காய்ந்த மட்டை, பன்னாடை, ஊமல் யாவும் அடுப்புக்கு உதவின. களப்போரங்களில் வளரும் தில்லையை மக்கள் அறிந்து விலக்கினர். அதன் பால் கண்ணைக் கெடுக்கும். புகையும் கண்ணுக்கு ஆகாது. இவ்வறிவு ஏட்டிற் கற்றதன்று. தாயிடமிருந்து மகளுக்கு வந்தது.

1769ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கொழும்பு மருதானையிற் கறுவாத் தோட்டம் அமைத்தனர். காட்டில் உரித்த கறுவா தோட்டப் பயிராயிற்று. பட்டை கப்பலேறிற்று, உரித்த கோல் அடுப்பேறிற்று. கறுவா விளையும் தென்பகுதி ஊர்களில், தோலற்ற, நேரான, வழுவழுப்பான கோல்களைக் கண்டால் அவை கறுவா விறகென இன்றும் அறியலாம்.

மலைநாட்டின் கதை வேறு. 1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் பயிரிடத் தொடங்கியிருந்த தேயிலை, படிப்படியாகக் கோப்பியின் இடத்தைப் பற்றிக்கொண்டது. கொழுந்தை உலர்த்த வெப்பம் வேண்டும். தொழிற்சாலைகள் பெருமளவு விறகு கேட்டன. காடு குறையவே, யூக்கலிப்டஸ் மரங்கள் விறகுக்கென நடப்பட்டன. 1876இல் கன்றுகளாக வந்திறங்கிய இறப்பரும், பாலெடுத்து முதிர்ந்தபின் வெட்டப்பட்டு விறகாயிற்று. வெளிர்நிறமும், மழையில் நனைந்தால் எளிதிற் பூஞ்சணம் பிடிக்கும் இயல்பும் அதனைக் காட்டிக்கொடுக்கும். தொழிற்சாலைக்குப் பெருங்கட்டைகள் சென்றன. தொழிலாளரின் லயத்து அடுப்புக்கோ கவ்வாத்து மிலாறே கிடைத்தது. மலையைப் பயிராக்கியவர்க்கு மலை அளித்த பங்கு அவ்வளவே.

மண்ணெண்ணெயும் எரிவாயுவும் வந்தபின், விறகறிவு பழங்கதை எனப் பலரும் எண்ணினர். 1990இன் பின் போர்க்கால வடக்கில் மண்ணெண்ணெய் அரிதாயிற்று. 2022இல் நாடெங்கும் எரிவாயுத் தட்டுப்பாடு நேர்ந்தது. இருமுறையும் மக்கள் விறகையே நாடினர். மரம் அறிந்தவர் வீட்டில் அடுப்பெரிந்தது, அறியாதவர்க்குக் கண்ணெரிந்தது. முதியோரிடம் எஞ்சியுள்ள இவ்வறிவைக் கேட்டுப் பேணுதல் இளையோர் கடனாகும்.