நிலமில்லா விடுதலை: ரஷ்ய உழவரும் மலாயாத் தோட்டத் தமிழரும்



மலாயாத் தோட்டத் தமிழரின் வரலாற்றை ரஷ்யாவிலிருந்து தொடங்குவது சிலருக்கு வியப்பளிக்கலாம். மொழியியல் பயின்ற எனக்கு ஒரு சொல்லே அவ்வழியைக் காட்டிற்று. 'விடுதலை' என்னும் சொல் சட்ட ஏட்டில் ஒரு பொருளும் அன்றாட வயிற்றுப்பாட்டில் வேறொரு பொருளும் கொள்வதை இவ்விரு வரலாறுகளும் நமக்கு உணர்த்துகின்றன.

1861ஆம் ஆண்டு ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் பண்ணையடிமை முறையை ஒழித்தார். நிலக்கிழார்களின் உடைமையாயிருந்த இரண்டு கோடிக்கும் மேற்பட்ட உழவர் விடுதலை பெற்றனர். ஆயின் நிலம் இலவசமாகக் கிடைக்கவில்லை. அதன் விலையில் பெரும்பகுதியை அரசு நிலக்கிழாருக்குக் கொடுத்துவிட்டு, உழவரிடமிருந்து 49 ஆண்டுத் தவணையில் வட்டியோடு வசூலிக்கலாயிற்று. தவணைக்கு ஊரே கூட்டாகப் பொறுப்பேற்றது. ஆதலின் ஊர்ச் சமூகத்தின் இசைவின்றி ஒருவர் எளிதில் வெளியேற இயலவில்லை. ஆண்டையின் பிடி தளர்ந்த இடத்தில் கடனின் பிடி இறுகியது. 1905ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னரே தவணை நீக்கம் அறிவிக்கப்பட்டு, 1907 முதல் அது முற்றாக ஒழிந்தது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டு முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே, 1907இல் உருவான தமிழர் குடியேற்ற நிதி தொழிலாளரின் கப்பற் செலவை ஏற்கத் தொடங்கியிருந்தது. கங்காணி வழியே வந்தோர் சட்டப்படி சுதந்திரத் தொழிலாளர். முன்னறிவிப்புக் கொடுத்து விலகும் உரிமை பெற்றவர். ஆனால் லயத்து வீடு தோட்டத்தின் சொத்து. பள்ளியும் மருந்தகமும் கள்ளுக்கடையும் தோட்டத்து எல்லைக்குள்ளேயே இருந்தன. வேலை போனால் வீடும் போகும். பிள்ளையின் படிப்பும் போகும். ரஷ்ய உழவரை நிலம் கட்டிப்போட்டது. நம் முன்னோரை நிலமின்மை கட்டிப்போட்டது.

இந்நிலையை மொழியும் பதிவு செய்துள்ளது. 'கூலி' என்பது தமிழில் வேலைக்குக் கிடைக்கும் ஊதியத்தின் பெயர். காலனித்துவப் பதிவேடுகளிலோ அது ஊதியம் பெறும் மனிதரின் பெயராயிற்று.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தை இப்பின்னணியில் வைத்தே நோக்க வேண்டும். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' இதழின் துணையாசிரியராகப் பணியாற்றியவர். சீனத் தொழிலாளருக்கு நிகரான ஊதியம் வேண்டும் என்பது முதன்மையான கோரிக்கை. அதனோடு வேறு சிலவும் இடம்பெற்றன: துரைக்கு முன்னால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டியதில்லை, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போகலாம், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். உறவினர் வந்து போவதற்கே போராட வேண்டியிருந்தது எனின், ஏட்டில் இருந்த சுதந்திரத்தின் அளவை நாம் ஊகித்துக்கொள்ளலாம். மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். போராட்டம் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, இராணுவம் வரவழைக்கப்பட்டது. தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

நிலம் கைக்கு வந்திருந்தால் எல்லாம் தீர்ந்திருக்குமா? ரஷ்யாவின் பிற்கால வரலாறு அவ்வாறு எளிதாகச் சொல்லவிடவில்லை. 1917ஆம் ஆண்டு நிலம் பற்றிய ஆணை நிலக்கிழாரின் உடைமையை ஒழித்தது. உழவர் நிலத்தைப் பகிர்ந்துகொண்டனர். உள்நாட்டுப் போர்க்காலத்தில் அரசு அவர்களின் தானியத்தைக் கட்டாயமாகப் பறித்தது. 1921இல் லெனின் கொணர்ந்த புதிய பொருளாதாரக் கொள்கை பறிமுதலை நீக்கி வரியை விதித்தது. எஞ்சியதைச் சந்தையில் விற்க இசைந்தது. அந்த மூச்சுவிடும் காலம் நீடிக்கவில்லை. 1929 இறுதியில் கூட்டுப்பண்ணையாக்கம் முடுக்கிவிடப்பட்டது. 1932, 33இல் பெரும்பஞ்சம் பல இலட்சம் உயிர்களைக் கொண்டது. 1932 இறுதியில் உள்நாட்டுக் கடவுச்சீட்டு முறை வந்தபோது, கூட்டுப்பண்ணை உழவருள் பெரும்பாலோர்க்கு அச்சீட்டு வழங்கப்படவில்லை. பொதுவுடைமையின் பெயரால் ஊர் மீண்டும் பூட்டப்பட்டது.

கூட்டுடைமையே தீங்கு என இதனால் முடிவுகட்டல் ஆகாது. விடுதலைக்குப் பின் நம் நாட்டில் தோட்டத் துண்டாடல் பெருகித் தொழிலாளர் வெளியேற்றப்பட்டபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் சிறு தவணைகளாகப் பங்குப் பணம் செலுத்தினர். சங்கம் தோட்டங்களை வாங்கியது. ரஷ்ய உழவரும் தவணை கட்டினர். அது அவர்மீது சுமத்தப்பட்டது. இவர்களோ விரும்பிச் சேர்ந்து கட்டினர். கூட்டு முயற்சியை எடைபோட இவ்வேறுபாடே உரைகல்.

ஆயினும் சங்கத்தின் கை எட்டாத தோட்டங்களே மிகுதி. பெட்டாலிங் ஜெயா நகரமே எஃபிங்காம் ரப்பர்த் தோட்டத்தின்மீது 1950களில் எழுந்ததுதான். தோட்டங்களை இழந்த குடும்பங்கள் கம்போங் மேடான் போன்ற இடங்களில் பலகை வீடு கட்டிக் குடியேறின. அந்நிலத்தைப் 'புறம்போக்கு' என்றோம். தமிழகத்து நிலவரிக் கணக்கில் வரிக்கு உட்படாத நிலத்தைக் குறித்த சொல் அது. இங்கே அந்நிலத்தில் வாழ்ந்த மக்களையும் அச்சொல்லாலேயே சுட்டலானோம். ஊதியத்தின் பெயர் மனிதர்மேல் ஏறியது போல, நிலத்தின் பெயரும் மனிதர்மேல் ஏறிற்று.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டியிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எந்தத் தோட்டத்தில் இருந்தீர்கள்? அங்கிருந்து வெளியேறியபோது கையில் என்ன கொண்டுவந்தீர்கள்? அவர் சொல்லும் சொற்களைத் திருத்தாமல், அவர் சொன்ன ஒலியிலேயே எழுதி வையுங்கள். ரஷ்ய உழவரின் தவணைக் கணக்கை அரசு ஏடுகள் காத்து வைத்துள்ளன. நம்மவரின் கணக்கில் பெரும்பகுதி இன்னும் அந்த நினைவுகளில்தான் இருக்கிறது.